தண்ணியில ஆறுற பெட்டி

ஓம் பிள்ளை, உந்தச் சத்தந்தான். உதைக் கேட்டுப் பயந்துதான் உங்களைக் கூப்பிட்டனான். இப்ப கேக்குதே, குறுகுறுவெண்டு, வாய்க்குள்ள மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி? பிறகு எப்பன் நேரம் பேசாமல் இருக்கும். இருந்திட்டுத் திரும்பவும் துவங்கும். முந்தி உது சத்தமே போடாது. பக்கத்தில பாயைப் போட்டுப் படுத்தாலும் பூனை மூச்சு விடுற அளவுதான் கேக்கும். எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ஆனால் பிள்ளை, வாழ்நாள் முழுக்க வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில இருந்து தொழில் செய்த ஆள் நான். பம்ப் ஒண்டு சாகப் போகேக்க என்ன சத்தம் போடுமெண்டு தெரியும். பம்ப்தானே? ம். நானும் அதைத்தான் நினைச்சனான்.

இருங்கோ, அந்தக் கதிரையை ஃபானுக்குக் கீழ இழுத்துப் போட்டு இருங்கோ. விசுவமடுவில இருந்து இந்த வெய்யிலுக்குள்ள மோட்டச்சைக்கிளில வந்தனீங்கள். என்ரை மகள் நிரோசினி உங்கடை பக்கத்திலதானே கலியாணம் கட்டியிருக்கிறா. அவாதான் சொன்னவா, யதுர்ஷிகா எண்டு ஒரு பிள்ளை கொம்பியூட்டர் கடை வச்சிருக்கு, பெடியளைவிடக் கவனமாப் பாக்கும், கொண்டுபோய்க் காட்டுங்கோ அப்பா எண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது, ஆளைத்தான் வரச் சொல்லவேணும் எண்டு நான் சொன்னனான். என்ரை மனுசி மார்கிறட் கோயிலுக்குப் போட்டா. இப்ப வந்திடுவா.

இல்லை இல்லை, இப்பிடியே கடையில வாங்கினதில்லை. முழுக்க மகன் பூட்டினது. அனிஸ்ரன். நிரோசினிக்கு இளையவன்.

அவனுக்கு முல்லைத்தீவு ரவுணில ஒரு ஸ்ரூடியோவோட வேலை. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருநாள் எண்டு அவை வீடியோ எடுத்து அனுப்ப, இவன் வீட்டில இருந்து வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் குடுப்பான். பேந்து வெளிநாட்டில இருக்கிறவையும் இன்ரநெற்றில அனுப்பத் துவங்கிச்சினம். வானத்தில பறக்கவிட்டு எடுக்கிற கமராப் படங்கள் இருக்கே, அதுகள் சரியான பாரமாம். பெட்டி தாங்காது. இது வீட்டுத்திட்ட வீடு, கூரையைப் பாருங்கோ, ஓடில்லை, சீற். வைகாசி ஆனியில மத்தியானம் இதுக்குள்ள இருக்கிறதும் பேக்கரிப் போறணைக்குள்ள இருக்கிறதும் ஒண்டுதான். மனிசரே அவிஞ்சுபோற இடத்தில பெட்டி என்ன செய்யும்? ஒரு கலியாணப் படம், மாப்பிளை தாலியைத் தூக்கிற இடம் வரும், டப்பெண்டு நிண்டிடும். திரும்பப் போடுவான். திரும்பவும் தாலியைத் தூக்குவார், டப்பெண்டு நிண்டிடும். மார்கிறட் சொல்லுவா, உந்தப் பெடியனுக்கு இண்டைக்கும் தாலி கட்டக் குடுத்து வைக்கேல்லை எண்டு.

முதல்ல பெட்டியின்ரை கதவைக் கழட்டிப்போட்டு மேசை ஃபானைப் பிடிச்சுப் பாத்தான். கடற்கரை வீடெல்லோ, உப்புக் காத்து முழுக்க உள்ளுக்க போய் ஸ்குரூ எல்லாம் கறள் கட்டிச்சுது. மனுசி சன்னலில ஈரச்சாக்கு தொங்கவிட்டவா. அதால சாக்கு மணந்ததுதான் மிச்சம். பேந்து கொழும்பில இருந்து பெரிய ஃபான் ஒண்டு, தகடு தகடாய் அடுக்கின கோபுரம் மாதிரி, அதை எடுப்பிச்சுப் பூட்டினான். அது போட்ட சத்தத்தில நாங்கள் மூண்டு பேரும் வீட்டுக்குள்ள கத்திக் கத்திக் கதைச்சம். அண்டைக்குத்தான் சொன்னவன், அப்பா, இனித் தண்ணி விட்டுத்தான் ஆத்தவேணும் எண்டு.

மார்கிறட் பதறிப்போனா. கரண்டுக்குள்ள தண்ணியோ, உனக்கு விசரோ எண்டு. அம்மா, நீங்கள் முதல் நாளே கோயில் தண்ணி தெளிச்சனீங்கள்தானே, அப்ப ஒண்டும் நடக்கேல்லையே எண்டு சிரிச்சவன். எனக்கு அது விளங்கினது. எஞ்சினை என்னெண்டு ஆத்துறம்? தண்ணிதானே. சூட்டை வாங்கிக்கொண்டு போகும், வெளியில விடும், திரும்பி வரும். அதை நான் சொன்னதும் அவனுக்குப் பெரிய சந்தோசம். கொம்பியூட்டர் வந்த காலத்தில இருந்து நானும் அவனும் ஒண்டாய் இருந்து கதைச்ச கதை அது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன். அதுக்கு முன்னம் அவன்ரை வேலை எனக்குத் தெரியாது, என்ரை வேலை அவனுக்கு வேண்டாம்.

பிறகு எதை வாங்கிறது எண்டு பாக்கத் துவங்கினான். உங்களுக்குத் தெரியும், எண்டாலும் அவன் சொன்ன மாதிரியே சொல்லுறன். ரெண்டு வகை இருக்காமே. ஒண்டு கொம்பனியே தண்ணியை விட்டு அடைச்சு அனுப்புறது. பூட்டினால் சரி, திரும்பிப் பாக்கத் தேவையில்லை. ஸ்ரூடியோக்காரரும் அதைத்தான் எடு எண்டவை. இவன் மாட்டன் எண்டு நிண்டான். அது பம்ப் போனால் முழுசாத் தூக்கி எறியவேணும், தண்ணி வத்தினால் விட வழியில்லை. கழட்டிப் பூட்டக்கூடியதுதான் வேணும். பம்ப் வேற, ரேடியேற்றர் வேற, தண்ணி நிக்கிற கண்ணாடிக் குழாய் வேற. எது பழுதோ அதை மாத்தலாம். அப்பா, நான் இல்லாத நேரத்திலயும் நீங்கள் திறந்து பாக்கக்கூடினதாய் இருக்கவேணும் எண்டான். நான் இல்லாத நேரம் எண்டால் கொழும்புக்குக் கிழும்புக்குப் போற நேரமாக்கும் எண்டு நினைச்சன். பெருமையாயும் இருந்தது. என்னையும் ஒரு ஆளாய்ச் சேத்திருக்கிறானே எண்டு.

ரேடியேற்றரில ஒரு சண்டை வந்தது. கொழும்புக் கடைக்காரன் லேசில கிடைக்குமெண்டு அலுமினியத்தைத் தலையில கட்டப் பாத்தான். உள்ள சிப்புக்கு மேல இருக்கிற தகடு செம்பு. ஒரே தண்ணிக்குள்ள செம்பையும் அலுமினியத்தையும் விட்டால் ஒண்டையொண்டு தின்னும். அது கடலில நிக்கிறவனுக்குத் தெரியும் பிள்ளை, வள்ளத்தில நாங்கள் காணாததே? நானும் அதைத்தான் சொன்னன், இவனும் போனில அதைத்தான் படிச்சு வச்சிருக்கிறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒரே கதையைச் சொன்னம். செம்பு வரும்வரைக்கும் காத்துக்கொண்டு இருந்தவன். பஸ்ஸில போட்டுவிட்டவங்கள், கொண்டக்ரரிட்ட வாங்கிக்கொண்டு குழந்தைப்பிள்ளையைப் போல நெஞ்சில அணைச்சுக்கொண்டு வந்தவன்.

வந்து பாத்தால் பெட்டிக்குள்ள அடங்கேல்லை. மூண்டு ஃபான் பூட்டிற நீளம். சின்னனை எடுத்திருக்கலாமே எண்டன். இல்லையப்பா, பெரிசெண்டால் ஃபான் மெல்லமாய்ச் சுத்தினால் போதும், இராப்பகலாய் ஓடினாலும் களைக்காது எண்டான். நான் டிறில்லையும் அறுக்கிற வாளையும் கொண்டந்து, அவன் கோடு போட்ட இடத்தில மேல்தகட்டை வெட்டிக் குடுத்தன். கிட்ட வந்து தடவிப் பாருங்கோ, பிசிர் இருக்கோ? அரத்தால ராவினது நான்.

பூட்டி முடிச்ச உடன கரண்டைக் குடுக்கேல்லை. பம்பை மட்டும் தனிய ஓடவிட்டு, பூட்டின ஒவ்வொரு இடத்துக்குக் கீழயும் கை துடைக்கிற ரிசுப் பேப்பர் வச்சான். ஒரு முழுநாள் பாக்கவேணுமாம். மார்கிறட்தான் காவல். செபமாலையை உருட்டிக்கொண்டு கதிரையில இருந்து ரிசுவைத் தொட்டுத் தொட்டுப் பாத்தவா. அவாதான் கண்டுபிடிச்சவா, ரேடியேற்றரோட ரியூப் சேருற இடம் ஒண்டில கண்ணுக்கே தெரியாத ஈரம். இவனுக்குத் தெரியேல்லை, எனக்குத் தெரியேல்லை, அவான்ரை விரலுக்குத் தெரிஞ்சது. ரப்பர் வளையம் திரும்பி இருந்திருக்கு. கழட்டித் திரும்பப் பூட்டினான். அம்மா இல்லாட்டி இண்டைக்கு எல்லாம் எரிஞ்சிருக்கும் எண்டு அவாவைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவன். வளந்த பிறகு அவன் அப்பிடிச் செய்து நான் காணேல்லை.

பிறகு குமிழி. ரியூப்புக்குள்ள காத்து நிண்டால் சலசலக்குமாம். பெட்டியை ரெண்டு பக்கமும் நானும் அவனும் பிடிச்சு, இந்தப் பக்கம் சரிச்சு அந்தப் பக்கம் சரிச்சு ஆட்டினம். குமிழி ஒவ்வொண்டாய் மேல வந்து உடைஞ்சுது. கடைசியில அந்தக் கலியாணப் படத்தைப் போட்டான். மாப்பிளை தாலியைத் தூக்கினார், கட்டினார், எல்லாரும் அரிசி போட்டினம். நாங்கள் மூண்டு பேரும் இந்த அறைக்குள்ள நிண்டு கையடிச்சம் பிள்ளை. ஆரெண்டே தெரியாத ஆளின்ரை கலியாணத்துக்கு.

அதுக்குப் பிறகு என்னை இருத்தி வச்சுச் சொல்லித்தந்தவன். கண்ணாடிக் குழாயில தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கினால் பற்றரித் தண்ணி விடவேணும், கிணத்துத் தண்ணி விடக்கூடாது. சந்தன நிறத்தில ஊத்தை தெரிஞ்சால் சொல்லவேணும். ஃபான் தூசியை எப்பிடித் தட்டிறது, கரண்ட் நிண்டால் பக்கத்தில இருக்கிற பற்றரிப் பெட்டி எவ்வளவு தாங்கும், ரவுட்டர் லைட் எந்த நிறத்தில எரியவேணும். ஏன்ரா எனக்கு, நீதானே இருக்கிறாய் எண்டன். சும்மா பழகுங்கோ எண்டான்.

என்ன? புதுப் பம்போ? அதுக்குக் கொழும்புக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அலுமாரியில கீழ்த்தட்டில கிடக்கு. பம்ப் வந்த பெட்டி இன்னும் உடைக்கேல்லை. அவன்தான் வாங்கி வச்சவன், இது போனால் அதைப் பூட்டலாம் எண்டு. ஓம், எல்லாம் யோசிச்சுத்தான் செய்திருக்கிறான்.

விளங்குது பிள்ளை. நிப்பாட்டாமல் மாத்த ஏலாது. பம்பைக் கழட்டினால் தண்ணி ஓடாது, தண்ணி ஓடாட்டிச் சூடேறும். எனக்கு விளங்குது. அரை மணித்தியாலம்தானே எண்டு நீங்கள் சொல்லுறியள். நான் எத்தினையோ தரம் எனக்கே சொல்லிப் பாத்திட்டன், அரை மணித்தியாலம்தானே எண்டு. உண்மையைச் சொல்லுறன், மார்கிறட் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்துத்தான் உங்களை வரச் சொன்னனான். அவா வரமுன்னம் மாத்திப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி இருப்பம் எண்டு. இப்ப பாருங்கோ, நீங்கள் வந்து ஸ்குரூவையும் கழட்டிப்போட்டியள், நான் இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறன். சுவிச்சுக்குக் கிட்டப் போகக் கால் வரேல்லை.

அவன் எங்கயெண்டோ?

அவனோட படிச்ச பெடியளில இப்ப இந்தக் கரையில ஆர் நிக்கினம் பிள்ளை? ஒவ்வொருத்தராய் வெளிக்கிட்டிட்டினம். ஒருநாள் பின்னேரம் வந்து அம்மாவையும் என்னையும் இருத்திப்போட்டு, நாளைக்குப் போறன் எண்டான். எங்க எண்டால், றியூனியன் எண்டு பிரெஞ்சுக்காரன்ரை தீவு ஒண்டு இருக்காம். நீர்கொழும்புப் பக்கத்தில இருந்து பெரிய வள்ளம் ஒண்டாம். சின்னனில வள்ளத்தில ஏத்தினால் கரை மறையமுன்னம் சத்தி எடுக்கிற பிள்ளை அவன். அதாலதான் நான் அவனைத் தொழிலுக்கே கூட்டிக்கொண்டு போறேல்லை. மேற்குப் பக்கத்தில அப்ப சோளகக் காத்து எழும்பிக் கடல் கொந்தளிக்கிற காலம். எடே, எனக்குக் கடல் தெரியும், இப்ப போகாதை, ரெண்டு மாதம் பொறு எண்டு சொன்னன். கையைப் பிடிச்சுச் சொன்னன். ஏத்திறவங்கள் நாள் குறிச்சிட்டாங்களாம். மார்கிறட் அழுதழுது வாசலில குறுக்கால படுத்தா. அவன் அவாவுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து, தலையைத் தடவிக்கொண்டு இந்தப் பெட்டியைக் காட்டிச் சொன்னான்.

அம்மா, நான் போனோடமட்டும்தான் போறன். என்ரை வேலை எல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு. அங்க இறங்கினவுடன போனில இருந்து இன்ரநெற்றால உதைத் திறந்து வேலை செய்வன். நான் வந்தால் உந்த ஸ்கிறீனில அம்புக்குறி தானாய் அசையும். ஆரும் தொடாமல் அசையும். அதைக் கண்டால் நான் சுகமாய் இறங்கிட்டன் எண்டு நினையுங்கோ, போன் எடுக்கப் பிந்தினாலும் பயப்பிடாதேங்கோ. உதை மட்டும் நிப்பாட்டாமல் வச்சிருங்கோ.

அப்பதான் பிள்ளை எனக்கு விளங்கினது. பெரிய ரேடியேற்றர், இராப்பகலாய் ஓடினாலும் களைக்காது, அலுமாரிக்குள்ள பம்ப், எனக்குப் படிப்பிச்ச படிப்பு. கலியாணப் படத்துக்காக இல்லை. நான் அறுத்துக் குடுத்த தகடும் அவன் போறதுக்குத்தான். சரி, அதைச் சொல்லி என்ன.

இல்லை. ஒரு போனும் இல்லை. அந்த வள்ளத்தில போன மற்றப் பிள்ளையளின்ரை வீடுகளுக்கும் இல்லை. சிலாபத்தில ஒரு தாய், மார்கிறட்டோட போனில கதைக்கிறவா, அவாவுக்கும் இல்லை. பிடிபட்டிருந்தால் பேர் வந்திருக்கும். போகாத கந்தோர் இல்லை, கேக்காத ஆள் இல்லை. எங்கடை கோயில் சுவாமியும் தனக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் கேட்டுப் பாத்தவர். ஒருத்தரும் இல்லையெண்டும் சொல்லினமில்லை, ஓமெண்டும் சொல்லினமில்லை. வேற ஒராள் எண்டால் ஏதும் ஒரு கரையில ஒதுங்கியிருப்பான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம். நான் கடல்காரன். இரா விழிச்சுக்கொண்டு அந்தக் காத்தையும் அந்தத் தூரத்தையும் அந்த வள்ளத்துக்குக் காவக்கூடிய எண்ணெயையும் கணக்குப் பாத்தால், பாக்காமல் விட்டிருக்கலாம் எண்டு கிடக்கும். மார்கிறட்டிட்ட நான் அந்தக் கணக்கைச் சொல்லேல்லை. அவா கேக்கேல்லை.

ஓம், அவன் சொன்ன மாதிரிக் கரண்ட் போய் வந்தால் தானாய்த் திரும்ப எழும்பும், அது எனக்கும் தெரியும். நிப்பாட்டிப் போட்டால் ஒண்டும் அழியாது எண்டும் தெரியும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குள்ள அவன் வந்து தட்டினானெண்டால்? கதவு பூட்டிக் கிடக்கெண்டு நினைச்சானெண்டால்? எண்டு அவா கேப்பா. அப்பிடியே விட்டால் பம்ப் தானாய் நிக்கப்போகுது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிக்கத்தான் போகுது. என்ரை கையாலயோ, அதின்ரை பாட்டிலயோ.

நீங்கள் அழாதேங்கோ பிள்ளை. முகத்தைத் துடையுங்கோ, அந்தா படலை திறக்கிற சத்தம் கேக்குது, அவாதான். செருப்பைக் கழட்டிக் கால் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்க வருவா, கொஞ்ச நேரம் கிடக்கு. பம்பைப் பற்றி நீங்களே அவாவுக்குச் சொல்லுங்கோ, என்ரை வாயால வேண்டாம். அவா ஓமெண்டால் மாத்துங்கோ. மாட்டன் எண்டால் அந்த ஸ்குரூவைப் பூட்டிப்போட்டு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. குறையாய் நினைக்கமாட்டன்.

இன்னுமொண்டு. அம்பு அசைஞ்சது எண்டு அவா உங்களுக்குச் சொல்லுவா. ஓம், அசைஞ்சதாம். ஒருக்கா இல்லை, அடிக்கடி. நடுவில நிண்டது ஓரத்துக்கு வந்திருக்காம். முதல் தரம் அவா கூப்பிட்டுக் காட்டினபோது, நான் தொழிலுக்குப் போகாமல், சோறு தண்ணி இல்லாமல் கரையில போய் இருந்த காலம். அண்டைக்கு எழும்பி வந்து சாப்பிட்டன். அடுத்த நாள் கடலுக்கும் போனன். வேண்டாம் பிள்ளை, ஆர் வந்து போனது எண்டு உதைத் திறந்து தேடவேண்டாம். போன கிழமை நான் வலையைக் காயப்போட்டிட்டுச் சன்னலுக்கால பாத்தன். மார்கிறட் தனிய நிண்டு, சுண்டுவிரலால மவுஸை எப்பன் தள்ளினா. தள்ளிப்போட்டு அம்பையே பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு சீலைத்தலைப்பால கண்ணைத் துடைச்சுப்போட்டு, இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ, பிள்ளை வந்திட்டுப் போயிருக்கிறான் எண்டு என்னைக் கூப்பிட்டா.

நான் ஓடிப் போனன். ஓமடி மார்கிறட், அசைஞ்சுதான் இருக்கு எண்டு சொன்னன்.